தம்பியின் கூத்து வீடியோவை வைத்துக் கேலி செய்கிறார்கள்: போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?

ஓமலூர் அக்கா:

வணக்கம். எங்களுக்கு ஓமலூர் பக்கத்தில் ஒரு கிராமம். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பிக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனைப் பற்றித்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் தாத்தா கூத்தாடியவர். அப்பா வேஷம் கட்டுவதில்லை, மிருதங்கம் வாசிப்பார். தம்பி அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன். அவனுக்குக் குரல் இன்னும் உடையவில்லை. அதனால் இந்தச் சித்திரையில் மாரியம்மன் பண்டிகைக் கூத்தில் வாத்தியார் அவனுக்குப் பெண் வேஷம் கொடுத்தார். சின்ன வேஷம்தான். ராத்திரி மூன்று மணிக்கு மேல் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்று பாடினான். தூங்கி வழிந்துகொண்டிருந்த கிழவிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து அவன் சேலையில் ஊக்குப் போட்டுக் குத்தினார்கள். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டத்தில் யாரோ அதைப் போனில் எடுத்திருக்கிறார்கள். அதில் சில நொடிகளை மட்டும் வெட்டி, அவன் குரலை எடுத்துவிட்டு ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்து, இடுப்பு அசையும் இடம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி செய்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். போட்டது, பள்ளிக்கூடத்தின் பெயரைச் சுருக்கிப் பின்னால் 'கன்ஃபெஷன்ஸ்' என்று சேர்த்த ஒரு பக்கம். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாது, ஆனால் பள்ளியில் போன் வைத்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள்.

அடுத்து ஸ்டிக்கர். அரிதாரம் பூசிப் பொட்டு வைத்திருந்த அவன் முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். வகுப்புக் குழுவில் தம்பி 'நாளைக்கு என்ன பரீட்சை' என்று கேட்டால் பதிலாக அந்த ஸ்டிக்கர் வருகிறது. ஒருவன் போட்டதும் இன்னொருவன், அப்புறம் இன்னொருவன். ஒரு வார்த்தை கிடையாது. திட்டினால் இப்படித் திட்டினார்கள் என்று யாரிடமாவது காட்டலாம். இதை எப்படிக் காட்டுவது?

அவன் பெயரும் படமும் போட்டு ஒரு போலிக் கணக்கும் இருக்கிறது. அதிலிருந்து பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு அசிங்கமாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பையன்கள் இவன்தான் எழுதினான் என்று நினைத்து மைதானத்தில் நிறுத்திச் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

பள்ளியில் அவனை ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எந்த எண் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணக்கு வகுப்பில் அந்த விடை வந்தால் எல்லாரும் திரும்பி இவனைப் பார்க்கிறார்களாம். போன வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் "எத்தனாவது படிக்கிற சாமி?" என்று சும்மாதான் கேட்டார். "பத்து" என்றான்.

பள்ளிக்கூட நாட்களில் காலையில் வயிறு வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. ஓமலூரில் டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். பாடுவதை அடியோடு நிறுத்திவிட்டான். பேசும்போது தொண்டையை இறுக்கி வேண்டுமென்றே கனத்த குரலில் பேசுகிறான், எங்களிடம்கூட. முந்தாநாள் சாப்பிடச் சொல்லி அம்மா கத்தியபோது "நான் இல்லாம இருந்தா உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே" என்றான். கோபத்தில் சொன்னான் என்கிறார் அம்மா. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

வீட்டில் நடந்தது இது: அப்பா அவன் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மா இனிமேல் வேஷமே கட்டக் கூடாது என்று சலங்கையை வாத்தியாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமா ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் பள்ளி பார்க்கிறேன் என்கிறார். எல்லாரும் அவன் மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் போன் போனது இவனுக்கு, கூத்து போனது இவனுக்கு, பள்ளியும் போகப் போவது இவனுக்கு. அந்தப் பக்கத்தை நடத்துகிறவனுக்கு இன்றைக்கு வரை ஒரு குறையும் இல்லை.

போனைப் பூட்டி வைத்தது சரியா? போலீசுக்குப் போகலாமா, போனால் பெயர் வெளியே வந்துவிடுமா? அவன் சொன்ன அந்த வார்த்தையை நான் எப்படி எடுத்துக்கொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முள்ளுவாடி கேட்:

உங்கள் அப்பா செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பார்த்தால்தானே வலிக்கும்? என் அக்கா மகனுக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை வந்தது. போனை வாங்கி வைத்தார்கள், பள்ளியை மாற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறான். பையன் உயிரோடும் நிம்மதியோடும் இருப்பதுதான் முக்கியம், கூத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செம்மடுவு டீச்சர்:

அம்மணி, நான் ஏற்காட்டில் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டுக் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

"நான் இல்லாம இருந்தா" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைக் கோபம் என்று தள்ளக் கூடாது. இன்றைக்கே அவனிடம் கேளுங்கள். எதிரில் உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போதோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதோ, முகம் பார்க்காமல் பேசுகிற மாதிரி ஒரு நேரத்தில் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்றே கேட்கலாம். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதுதான் மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததில் பிள்ளையின் பாரம் குறையத்தான் செய்யும். என்ன பதில் வந்தாலும் அழவோ திட்டவோ சத்தியம் வாங்கவோ வேண்டாம். "சொன்னியே, அது போதும். இனி நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் போதும்.

ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கின பூச்சி மருந்து, பெரியவர்களின் மாத்திரை இவற்றை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். பீரோவில் பூட்ட வேண்டியது போனைவிட இவற்றைத்தான். 14416 என்ற எண் டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். அவன் பேச மறுத்தால் நீங்கள் பேசி என்ன செய்வது என்று கேட்கலாம். அதோடு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒரு நாள் அங்கே கூட்டிப் போய்விடுங்கள். மனநலப் பிரிவு என்றதும் ஊரில் என்ன பேசுவார்களோ என்று அம்மா தயங்குவார்கள். காலை வயிற்று வலிக்கு அங்கேதான் மருந்து இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

இனி போன். முள்ளுவாடி கேட் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். ஆனால் பிள்ளைகள் இந்த மாதிரித் தொல்லையை வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்குப் பெரிய காரணமே போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான். சொன்னதற்கே தண்டனை கிடைத்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டான். அதோடு, போன் பூட்டியிருந்தாலும் வகுப்பில் உள்ளவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் என்ன பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது இவனுக்குத் தெரியாமல் போகும், அது இன்னும் கொடுமை.

எங்கள் மலையில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து கீழே சேலத்துக்குப் படிக்கப் போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'மலைக்காரன்' என்று கேலி, பேச்சைக் கேலி, காலில் போட்டிருக்கிற செருப்பைக் கேலி. ஆனால் அந்தக் காலத்தில் சாயங்காலம் பஸ் ஏறிவிட்டால் அது கீழேயே நின்றுவிடும். அடிவாரம் தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது இருபது வளைவு ஏறி எஸ்டேட் லைன் வீட்டுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாலும் கூடவே வந்துவிடுகிறது. ராத்திரிக்கு ராத்திரி வருவதால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சொல்லும் பெரிதாகக் குத்துகிறது. வயிற்று வலி, தலைவலி, பாடம் ஏறாமல் போவது எல்லாம் இதிலிருந்து கிளம்புகிறவை. யுனிசெஃப் 2019-ல் 30 நாடுகளில் இளம் வயதினரிடம் கேட்டபோது மூன்றில் ஒருவர் இணையத்தில் இப்படித் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர் அதற்குப் பயந்து பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு வந்திருப்பது ஊரில் இல்லாத நோய் கிடையாது.

ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டீர்களே, என் மனதை உறுத்தியது அதுதான். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் பள்ளிக் கொடுமையைப் பற்றி 1970-களிலிருந்து ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஆள்மேல் செய்வது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டுக் கேலி இல்லை என்றார். ஒரு ஸ்டிக்கரை ஒருவன் ஒரு தடவைதான் போட்டிருப்பான். 'நான் ஒரு தடவைதானே போட்டேன் மிஸ்' என்பான், அது உண்மையாகவும் இருக்கும். வாங்குகிறவனுக்கு அது முப்பது நாற்பது தடவை. இதைத்தான் தலைமை ஆசிரியருக்குப் புரியவைக்க வேண்டும். ஒரே ஒரு நாளின் உரையாடலை முழுதாக அச்செடுத்துக் கொண்டுபோய் மேசை மேல் விரியுங்கள். விளக்கமே தேவைப்படாது.

இன்னொன்று. அந்தக் குழுவில் ஸ்டிக்கர் போடாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் யார் என்று தேடுங்கள். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கீவா என்ற பள்ளித் திட்டம் முழுக்க இந்த நம்பிக்கையில் கட்டியது: கொடுமை செய்கிறவனைவிட, சுற்றி நின்று பார்க்கிறவர்களிடம் முதலில் வேலை செய்ய வேண்டும். சிரிக்க ஆள் இல்லாவிட்டால் அவன் யாருக்காகச் செய்வான்? மதியம் இவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பையன் கிடைத்தால், அது நீங்கள் கொடுக்கிற எந்தப் புகாருக்கும் குறைந்ததில்லை.

பள்ளியில் எழுத்தில் புகார் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மழுப்பினால் 14417 பள்ளிக்கல்வித் துறை எண், 1098 குழந்தைகளுக்கான எண். அரசுப் பள்ளி என்றால் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும்.

ஓமலூர் அக்கா:

டீச்சர், நேற்று சாயங்காலம் வண்டியில் வரும்போது நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "சாகணும்னு இல்லக்கா, தூங்கினா எழுந்திருக்காம இருந்தா பரவாயில்லனு இருக்கு" என்றான். வண்டியை நிறுத்தாமல் ஓட்டினேன், நிறுத்தினால் அழுதிருப்பேன். பூச்சி மருந்து டப்பாக்களை அப்பா சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ராத்திரி நான் அவன் பக்கத்தில்தான் படுக்கிறேன். இதற்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? சாகணும் என்று சொல்லவில்லையே?

செம்மடுவு டீச்சர்:

போக வேண்டும் அம்மணி. எழுந்திருக்காமல் இருந்தால் பரவாயில்லை என்பதும் அதே பாதையில் இருக்கிற ஒரு இடம்தான். இந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டால் திரும்பி வருவது எளிது. தள்ளிப் போடாதீர்கள்.

அஸ்தம்பட்டி வக்கீல்:

சகோதரி, சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் எதையும் அழிக்காதீர்கள், அழிக்கச் சொல்லி யாரிடமும் சண்டையும் போடாதீர்கள். பக்கத்தின் பெயர், முகவரி, தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோவையும் போலிக் கணக்கையும் திறந்து காட்டி ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் எடுத்து வையுங்கள். மைதானத்தில் நிறுத்திய பையன்களிடம் அந்தப் போலிக் கணக்கிலிருந்து வந்த செய்திகள் இருக்கும். அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான், பொறுமையாகக் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு எச்சரிக்கை: யாராவது அவன் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டியிருந்தால் அதை உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பிக் காட்டாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவில் குற்றம், நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் சிக்கல் வரும். போலீசிடம் நேரில் காட்டுங்கள்.

இன்ஸ்டாகிராமிலேயே 'என் பெயரில் போலிக் கணக்கு' என்று புகார் செய்ய வழி இருக்கிறது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஆள்மாறாட்டம், மார்ஃபிங் செய்த படம் பற்றிச் சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பிலோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொன்னது. ஆகவே 'குறை தீர்ப்பு அலுவலர்' என்று இருக்கிற பகுதியிலும் எழுதுங்கள், வெறும் ரிப்போர்ட் பொத்தானை அழுத்தியதோடு விட வேண்டாம்.

காவல்துறை பற்றி. கேலி செய்தார்கள் என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் புகார் கொடு என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. உங்கள் கையில் இருக்கிற வலுவான விஷயம் போலிக் கணக்கு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு அதே சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே பதியுங்கள். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கு. நேரில் போவதென்றால் ஓமலூர் சேலம் மாநகரக் காவலில் வராது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வரும். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள், மாநகர ஆணையர் அலுவலகத்தில் காத்திருந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பெயர் வெளியே வருமா என்று கேட்டீர்கள். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதையும் பத்திரிகையோ வேறு யாருமோ வெளியிடுவதைத் தடுக்கிறது. அதே சட்டம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். அந்தப் பக்கத்தை நடத்துகிறவனும் பதினைந்து பதினாறு வயதுப் பையனாகத்தான் இருப்பான். அவனைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள், சிறார் நீதிக் குழுமத்தின் வழியாகத்தான் விஷயம் போகும். கொடுங்குற்றம் இல்லாத வழக்குகளில் பொதுவாக எஃப்ஐஆர்கூடப் போடுவதில்லை, நிலையக் குறிப்பேட்டில் பதிந்து பெற்றோரை வரவழைப்பார்கள். ஒரு பையனின் எதிர்காலத்தை நாம் கெடுத்துவிடுவோமோ என்று உங்கள் வீட்டில் யாராவது தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

தாமதிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2016 ஜூனில் நம் சேலம் மாவட்டத்திலேயே ஒரு இளம்பெண்ணின் முகத்தை மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் புகார் கொடுத்திருந்தது, நடவடிக்கை வருவதற்குள் அந்தப் பெண்ணை இழந்துவிட்டோம். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதை நினைவில் வைத்திருக்கிற அதிகாரிகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். யாராவது அலட்சியமாகப் பேசினால் தயங்காமல் மேலே போங்கள்.

சூரமங்கலம் தம்பி:

அக்கா, நான் காலேஜ் படிக்கிறேன். எனக்கும் பள்ளியில் இதே மாதிரி நடந்தது, இதே எண். காரணம் என் நடை. அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன்.

குழுவில் இருந்து விலகச் சொல்லாதீர்கள். விலகினால் 'ஓடிட்டான்' என்று அதற்கும் ஒரு ஸ்டிக்கர் செய்வார்கள். மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள். இன்ஸ்டாவில் பிளாக் செய்வதற்குப் பதில் ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவர்களுக்கே தெரியாது, அவர்கள் போடுகிற கமென்ட் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எங்கள் பெரியம்மா மகன்தான் ரொம்ப உதவினான். தினமும் ராத்திரி என் போனை அவன் வாங்கி எல்லாவற்றையும் படிப்பான். ஆதாரமாக வைக்க வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, எனக்குத் தேவையான வீட்டுப்பாடம், பரீட்சை விஷயம் மட்டும் சொல்வான். மற்றதை நான் பார்த்ததே இல்லை. போன் என்னிடம்தான் இருந்தது, ஆனால் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவன் குரலைக் கனமாக்கிப் பேசுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் சுட்டிக்காட்டி 'ஏன் இப்படிப் பேசற' என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஏற்கெனவே தன் குரல் தன் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். அந்த எண்ணைச் சொல்லித் திட்டுகிறார்களே, அந்தச் சொல்லைத் தாங்கி உண்மையாகவே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேவலமானவர்கள் இல்லை. 'நீ அப்படி இல்லடா' என்று ஆறுதல் சொல்லும்போது, அப்படி இருந்தால் அவமானம் என்று அவன் காதில் விழக் கூடும். அவன் எப்படி இருந்தாலும் உங்கள் தம்பி என்று மட்டும் தெரிந்தால் போதும் அக்கா.

மேச்சேரி வேஷக்காரன்:

அம்மா, நான் மேச்சேரிப் பக்கம் கூத்தாடுகிறவன். எனக்குப் பையன் ஒருவன் இதைப் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான்.

நானும் பெண் வேஷக்காரன்தான். மீசை முளைத்த பிறகும் அதே வேஷம்தான், இன்றைக்கும் கட்டுகிறேன். ராஜ வேஷத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் பாதி வேலை செய்துவிடும். பெண் வேஷத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. குரலும் கண்ணும் கையும்தான். நடுச்சாமத்துக்கு மேல் தூங்குகிற சனத்தை எழுப்பி அழ வைக்க வேண்டும். அதனால்தான் வாத்தியார் எல்லாப் பையனுக்கும் அதைக் கொடுக்க மாட்டார். உங்கள் தம்பிக்குக் கொடுத்தார் என்றால் அவனிடம் ஏதோ பார்த்திருக்கிறார்.

அந்தக் கிழவிகள் பணம் குத்தினார்கள் என்று எழுதினீர்களே, அதை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். அவன் பாடியதை முழுசாக நேரில் பார்த்தவர்கள் அழுதார்கள். கேலி செய்கிறவர்கள் வெட்டின துண்டைத்தான் பார்த்தார்கள், அவன் குரலை அவர்கள் கேட்கவே இல்லை.

சலங்கையைத் திருப்பிக் கொடுத்தது எனக்கு வருத்தம். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை, பெற்ற வயிறு. ஆனால் அதை அவன் கையால் கொடுக்கவில்லையே. கட்டுவதா வேண்டாமா என்று அவன்தான் சொல்ல வேண்டும். அடுத்த பண்டிகைக்குக் கட்டு என்று யாரும் அவனை நெருக்கவும் வேண்டாம். இந்த வயதில் குரல் உடையும், உடைந்த பிறகு அவனுக்கே வேறு வேஷத்தில் ஆசை வரலாம். சலங்கையை வாங்கி வீட்டில் மாட்டி வையுங்கள், போதும்.

எங்கள் கூத்து ஜமாவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். திரை கட்டியதும் கோமாளி வந்து, பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் வேஷம் கட்டி வரும்போது யாரும் போனில் எடுக்க வேண்டாம் என்று பாட்டாகவே சொல்லிவிடுவான். எல்லாரும் கேட்பதில்லை. ஆனால் எடுக்கிறவனைப் பக்கத்தில் இருப்பவர்கள் அதட்டுகிறார்கள். உங்கள் வாத்தியாரிடமும் சொல்லிப் பாருங்கள். அவர் எனக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார், வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

முள்ளுவாடி கேட்:

எல்லாவற்றையும் படித்தேன். ஹாஸ்டல் விஷயத்தில் மட்டும் இன்னும் எனக்கு ஒரு கேள்வி. பள்ளி ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன செய்வது? தினமும் அதே வகுப்பில் உட்கார வைப்பதும் கொடுமைதானே?

செம்மடுவு டீச்சர்:

நியாயமான கேள்வி. பள்ளி அசையாவிட்டால், அவனும் ஆசைப்பட்டால், மாற்றலாம். ஆனால் ஹாஸ்டலுக்கு இப்போது வேண்டாம். தூங்கி எழுந்திருக்கக் கூடாது என்று நினைக்கிற பிள்ளையைத் தெரியாத இடத்தில், தெரியாத நாற்பது பேர் நடுவில் ராத்திரி படுக்க வைக்கக் கூடாது. வீடியோ அங்கேயும் போகும். அங்கே அக்கா இருக்க மாட்டாள்.

ஓமலூர் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தலைமை ஆசிரியரிடம் நானும் அப்பாவும் போனோம். முதலில் "பசங்க விளையாட்டு" என்றுதான் ஆரம்பித்தார். அச்செடுத்த தாள்களை மேசை மேல் வைத்தேன். புரட்டப் புரட்ட தம்பியின் முகமே வந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புகாரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அந்த வகுப்புப் பெற்றோர்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

போலிக் கணக்கு போய்விட்டது. கன்ஃபெஷன் பக்கம் இருக்கிறது, வீடியோ மட்டும் இல்லை. ஆனால் வேறு ஒரு பக்கத்தில் மறுபடி வந்திருப்பதாக அவன் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். அவள்தான் குழுவில் 'இனிமே இந்த ஸ்டிக்கர் போடாதீங்க' என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர் வந்திருக்கிறது. ஆனால் முன்பு போல வரிசை நீளவில்லை. இணையதளத்தில் புகார் பதிந்தாயிற்று, நாளைக்கு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அப்பா போகிறார்.

போனை அப்பா கொடுத்துவிட்டார். ராத்திரி நான்தான் படிக்கிறேன். படித்துவிட்டு எனக்குக் கை நடுங்குகிறது, அவன் இதையெல்லாம் இத்தனை நாள் தனியாகப் படித்திருக்கிறான்.

மேச்சேரி அண்ணன் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. என் போனை வாங்கி அவனே இன்னொரு தடவை படித்தான். சலங்கை இன்னும் வாத்தியார் வீட்டில்தான் இருக்கிறது, அம்மாவிடம் இப்போது அதைப் பேச முடியாது.

புதன்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். டீச்சர், டாக்டர் அவனைத் தனியாக விசாரிப்பாரா, நான் கூட இருக்கலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?

செம்மடுவு டீச்சர்:

இரண்டும் நடக்கும் அம்மணி. முதலில் உங்களை வைத்துக்கொண்டு பேசுவார்கள், பிறகு அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் நீங்கள் வெளியே நில்லுங்கள். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்று துருவ வேண்டாம், அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஓமலூர் டாக்டர் கொடுத்த சீட்டு, அவன் ஆதார் அட்டை, அவன் சாப்பிடுகிற மாத்திரை ஏதாவது இருந்தால் அது, எல்லாம் எடுத்துப் போங்கள். தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது, சாப்பாடு எப்படி, என்னென்ன சொன்னான் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போனதும் பாதி மறந்துவிடும். ஸ்டிக்கர் அச்செடுத்த தாள்களை அவனைக் கேட்காமல் டாக்டரிடம் நீட்டாதீர்கள். புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நீளமாக இருக்கும், காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். அவன் வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

மாத்திரை கொடுத்தால் அவர்கள் சொல்கிற வரைக்கும் நிறுத்தாதீர்கள். வெறும் பேச்சுதான், அடுத்த வாரம் வாருங்கள் என்றால் அதையும் விடாதீர்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குத் துணைக்கு ஒரு ஆசிரியை கூட இருந்தால் நல்லது என்று தோன்றினால் எழுதுங்கள். மலையிலிருந்து காலை முதல் பஸ் பிடித்தால் நான் வந்துவிடுவேன்.